நாவலரவர்களும் உதவிநன்கொடையும்

நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களைப் பற்றி எழுதாது ஒரு சைவ இளைஞர் மலர் வெளிவருதல் அரிது. அவர் பதிப்பித்த நூல்களையும், செய்த பிரசங்கங்களையும், எழுதிய கண்டனங்களையும் பெரியோர் பலர் விரித்துரைத்துள்ளனர். ஐந்தாங் குரவர் என்று போற்றப்படும் அப்பெருமானுடைய சரித்திரத்தில் ஒரு பகுதியை மாத்திரம் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அது பணக்கணக்கு. அவர் தொடங்கிய பாடசாலை எவர் பணத்தில் நடந்தது? அரசினர் பணம் எவர் பாடசாலைக்குச் சென்றது? எத்தனை ஆண்டு சென்று அது சைவர் பாடசாலைக்கு வந்தது? இவற்றை அறியாது நாவலரை அறிந்தோமென்று நாம் சொல்லிக்கொள்ளுதல் கூடாது. ஆதலால் இச்சிறு சரித்திரத்தை அப்பக்கத்திலிருந்தே எழுதத் துணிந்தோம்.

நாவலரவர்கள் சித்திரபானு வருடம் மார்கழி மாதம், அதாவது 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி, நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். இளமையிலே தந்தையாரை இழந்தார். சரவணமுத்துப் புலவரிடத்தும், அவருடைய ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். பின்பு ஆங்கிலங் கற்கும்பொருட்டு யாழ்ப்பாணத்து உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அப்பாடசாலைக்குத் தலைவராயிருந்தவர் பேர்சிவல் பாதிரியார்.

சைவப் பெற்றோர் தம் பிள்ளையை ஏன் பாதிரிமாரிடம் அனுப்பினர் என்று இக்காலத்து இளைஞர் கேட்கலாம். வேறு இடமில்லை என்பதே விடை. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அங்கே எழுத்தும் எண்ணும் நிகண்டும் கற்கலாம். ஆங்கிலங் கற்று உத்தியோகம் பெற வேண்டுமாயின் மிஷன் பாடசாலையே வழி. உவெஸ்லியன் மிஷனார் 1814ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டிலும் இலங்கைக்கு வந்தனர். அமெரிக்கர் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே செமினரியையும், அடுத்த ஆண்டு உடுவிலிலே பெண்பாடசாலையையும் நிறுவினர். யாழ்ப்பாணத்திலே அரசினர் தாமாகப் பாடசாலை நடத்துவதிற் பெரிதும் ஊக்கங் கொள்ளவில்லை. 1841ஆம் ஆண்டில் அமைந்த மத்திய பாடசாலை ஆணைக்குழுவார் மிஷனாருக்கு உதவிப்பணம் அளிக்கத் தொடங்கினர். கற்பிக்க ஆயத்தமாயிருப்பவருக்குப் பணங் கொடுத்துவிட்டாற் காரியம் எளிது என்பது அரசினர் எண்ணம். அக்காலத்தில் ஆயத்தமாயிருந்தவர் பாதிரிமாரே.

இங்கே ஒன்று சொல்லல் வேண்டும். நாமும் மிஷன் பாடசாலை வாங்கிலிருந்து கற்றவரே. அங்கே எமக்குக் கற்பித்த ஆசிரியர்களை இழித்துரைக்க எம் நா எழாது. நாவலருடைய நிலையும் ஏறக்குறைய இதுவே. பாடசாலையிற் கற்று முடித்தவர், இருபது வயதளவில் அங்கேயே ஆங்கிலமும் தமிழுங் கற்பிக்கும் உபாத்தியாயரானார். பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிற் பெயர்த்தபோது அவருக்குத் துணையாயிருந்தவர் நாவலர். அம்மொழிபெயர்ப்பின் பொருட்டுச் சென்னைக்கும் உடன் சென்றார். திருநீறணிந்து, ஆசாரந் தவறாது, அவ்வேலையைச் செய்தார். பாதிரியாரும் அதனைத் தடுத்தாரல்லர். ஒருவரையொருவர் மதித்த இருவராகவே அவர்களை நாம் காண்கின்றோம். பாதிரிமாரை எதிர்த்தவர் என்பதனால் நாவலரை அவர்களுக்குப் பகைவர் என்று மட்டும் எழுதிவிடுதல் எளிது. ஆயின் அது சரித்திரமாகாது. பாடசாலை நடத்தும் வித்தையை அவர் பாதிரிமாரிடமே பயின்றார். வகுப்புப் பிரித்தல், அச்சிட்ட பாடப்புத்தகம் கொடுத்தல், படிமுறையாய்க் கற்பித்தல், கிழமைதோறும் பிரசங்கித்தல் ஆகிய யாவற்றையும் உள்ளிருந்து கண்டார். பிள்ளைகள் எதற்காக மதம் மாறுகின்றனர் என்பதனையும் அங்கிருந்தே கண்டார். வேதத்தை ஆராய்ந்து மாறினவர் சிலர். உத்தியோகத்துக்காக மாறினவர் பலர். உபாத்தியாயரை நியமிப்பவர் பாடசாலை மனேச்சர். மனேச்சரோ பாதிரியார். ஆகவே ஞானஸ்நானம் பெற்றவனுக்கே வேலை என்பது எழுதப்படாத சட்டமாயிற்று.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே நாவலரவர்கள் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மிஷன் உத்தியோகத்தை விட்டார். சம்பளத்தை உயர்த்தித் தருவதாகப் பாதிரியார் கூறியும் நில்லாது விலகினாரென்று சரித்திரகாரர் எழுதுவர். விவாகமுஞ் செய்துகொண்டாரல்லர். வருவாயில்லாத ஒருவர், வருவாயில்லாத ஒரு பாடசாலையைத் தொடங்கினார் என்பதே சுருக்கம். அவரிடம் பாடங்கேட்ட மாணாக்கரே உபாத்தியாயராய் அமர்ந்தனர். சைவச் செல்வர் சிலர் கொடுத்தனர். பலர் கொடுப்பதாய்ச் சொல்லி நின்றுவிட்டனர்.

அதே 1848ஆம் ஆண்டிலேதான் அரசினர் தெருச் சட்டத்தைப் பிறப்பித்தனர். ஆண்டுதோறும் ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் இறுத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். நெல்வரி முன்னமே இருந்தது. வரி இறுத்தவர்களுள் மிகப் பெரும்பாலார் சைவர். அவ்வரிப்பணத்தில் ஒரு பங்கு, அவர் பிள்ளைகளை அவர் சமயத்தினின்றும் பிரிக்கும் பாடசாலைக்குச் சென்றது. தம் சமயத்தைக் கற்பிக்கும் பாடசாலைக்கோ அவர்கள் இரண்டாம் முறையுங் கைப்பணம் கொடுத்தல் வேண்டியிருந்தது. நாவலருடைய வழக்கின் வேர் இதுவே.

பாடசாலை நடத்தப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். 1849ஆம் ஆண்டில் நாவலரவர்கள் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு தமிழ்நாட்டுக்குச் சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்திலே அவருக்கு நாவலர் என்னும் பட்டஞ் சூட்டப்பட்டது அப்பயணத்திலேயே. அச்சியந்திரத்தோடு மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்கள் அங்கிருந்து வெளிவந்தன. பெரியபுராண வசனம் வெளிவந்தது. புத்தகம் விற்ற பணம் பாடசாலைக்குச் சென்றது. பின்பு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை 1864ஆம் ஆண்டில் நிறுவினார். விக்கியாபனங்கள் எழுதிச் சைவ மக்களிடம் பொருள் வேண்டினார். அவற்றை வாசிப்போர் ஒன்று காண்பர். கெஞ்சும் நடையை அவர் அறியார். திருவிழாவிலே வாணவேடிக்கைக்கும் சதிருக்கும் பொருளைக் கொட்டிவிட்டு, பிள்ளைக்கு எழுத்தறிவிக்கக் கையை மூடிக்கொள்ளும் கோயிலதிகாரிகளை அவர் கண்டித்த கண்டனம், பாதிரிமாரைக் கண்டித்த கண்டனத்திலுங் கடிது. அதனாற் பகைவரையும் தேடிக்கொண்டார். பகைவர் பணங் கொடுப்பதில்லை. இன்னும் சற்று மென்மையாகப் பேசியிருந்தால் அவருடைய பாடசாலைகள் பெருகியிருக்கும் என்று எண்ணுவாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மென்மையாய்க் கேட்டவருக்கும் அக்காலத்திற் கொடுத்தவர் சிலரே.

இனி 1867ஆம் ஆண்டுக்கு வருவோம். இலங்கைக் கல்வியை ஆராய்ந்த மோர்கன் குழுவினர் அவ்வாண்டிலே தம் அறிக்கையை வெளியிட்டனர். அதன் பயனாக 1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. உதவிநன்கொடை முறையும் புதுப்பிக்கப்பட்டது. எச்சமயத்தார் நடத்தும் பாடசாலையாயினும் நன்கொடை பெறலாம். வித்தியாதரிசி வந்து பிள்ளைகளைப் பரீட்சிப்பார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் சித்தியெய்திய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பணம் கொடுக்கப்படும். சமய பாடத்தை அரசினர் ஏவவுமில்லை, தடுக்கவுமில்லை. அது மனேச்சர் விருப்பம்.

ஏட்டளவில் இது நடுநிலையான சட்டம். இக்காலத்தில் வேற்று நாடுகளில் வழங்கும் வவுச்சர் முறைக்கு இதனை ஒருவாறு முன்னோடி எனலாம். சிலி தேசத்தில் 1981 முதலாகவும், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1990 முதலாகவும், சுவீடனில் 1992 முதலாகவும், பிள்ளையின் தலைக்கு இவ்வளவென்று அரசாங்கப் பணம், பெற்றோர் தெரிந்த பாடசாலைக்குச் செல்கின்றது. சமயப் பாடசாலைக்கு அப்பணம் செல்லலாமா என்று அமெரிக்கர் பல்லாண்டு வழக்காடினர். பெற்றோர் தாமே தெரிந்தெடுப்பதாற் செல்லலாமென்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலே தீர்த்தது. பெற்றோருடைய தெரிவு என்பதே அவ்வாதத்தின் உயிர். அத்தெரிவு 1870ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே எவ்வளவு இருந்தது? ஊரில் ஒரு பாடசாலை; அது மிஷன் பாடசாலை. அங்கே பிள்ளையை விடலாம், அன்றேல் விடாதிருக்கலாம். இவ்வளவுதான் தெரிவு.

இன்னொன்றும் உண்டு. பரீட்சிக்கப் பிள்ளைகள் வேண்டுமாயின் முதலிற் பாடசாலை வேண்டும். கட்டிடமும் வாங்கும் உபாத்தியாயரும் வந்த பின்னரே வித்தியாதரிசி வருவார். அவர் வந்து போன பின்னரே பணம் வரும். மிஷனார் அந்தப் புதிய சட்டத்துள் நுழைந்தபோது அவர்களிடம் ஐம்பதாண்டு முதல் இருந்தது. அதிற் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பணம். ஒரு பங்கு நம்மவர் இறுத்த வரி. சைவரிடம் ஒரு வண்ணார்பண்ணை இருந்தது. ஓட்டம் தொடங்கிப் பாதி வழி சென்ற பின் யாவரும் ஓடலாமென்று கூறுவது போன்றது இது.

வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு அரசினர் நன்கொடை 1870ஆம் ஆண்டிலே கிடைத்தது. அது தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. 1848ஆம் ஆண்டில் அரிவரி படித்த பிள்ளை, தன் பிள்ளையை அதே வாங்கில் இருத்தும் பருவம் எய்திய பின்னரே பணம் வந்தது. நாவலரவர்கள் அதனை வாங்கினார். அரசினர் பணம் நமக்கு வேண்டாமென்று தள்ளிவிடவில்லை. பாதிரிமார் பாடசாலைக்குக் கொடுப்பதை நிறுத்துக என்பதும் அவருடைய கோரிக்கையன்று. அவர்களுக்கு எந்த நியாயமோ அதுவே எமக்கும் என்பதே. இதனைச் சைவ மேடைகளிலே பேசுவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். அவ்வாண்டிலே கோப்பாயிலும் ஒரு வித்தியாசாலையைத் தொடங்கித் தம் செலவில் நடத்தினார்.

தமிழ்ப் பாடசாலை ஒருவாறு நிலைத்தது. ஆங்கிலப் பாடசாலையின் கதை வேறு. திருநீறணிந்து வந்த சைவப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலையினின்று விலக்கப்பட்ட செய்தியை நாவலர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். ஆங்கிலம் வேண்டுமாயின் திருநீற்றை அழித்துவிட்டு வா என்றால், தந்தை என்ன செய்வான்? அழித்துவிட்டே அனுப்பினான். அவனைக் குறை கூறி என்ன பயன்? 1872ஆம் ஆண்டு தை மாதத்தில் நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பாடசாலையிற் பழகிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அதற்குத் தலைமையாசிரியரானார். அதே 1872ஆம் ஆண்டில், 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் இடத்திலே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதற்கு அமெரிக்காவிலே சேர்த்த மூலநிதி இருந்தது. நாவலருடைய ஆங்கிலப் பாடசாலைக்கு மூலநிதியுமில்லை. அரசினர் நன்கொடையுங் கிடைத்திலது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தமிழாசிரியரிலும் மிகுந்த சம்பளம் கொடுத்தல் வேண்டும். அவர் நான்காண்டு தாங்கினார். 1876ஆம் ஆண்டிலே பாடசாலை மூடப்பட்டது.

அம்மூடலைப் பற்றிச் சரித்திர நூல்கள் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. அங்கே கற்ற பிள்ளைகள் எங்கே சென்றிருப்பர்? படிப்பை விட்டவர் போக மற்றையோர் மிஷன் பாடசாலைக்கே மீண்டிருத்தல் வேண்டும். வேறு வாசல் இல்லை. நாவலரவர்களுடைய நெஞ்சை அது எவ்வளவு வருத்தியிருக்குமென்று நாம் ஊகிக்கலாமேயன்றிச் சொல்லல் இயலாது.

வருந்தியிருக்க நேரமும் இல்லை. அடுத்த ஆண்டு பஞ்சம் வந்தது, வாந்திபேதியும் பரவியிருந்தது. நாவலரவர்கள் பணந்திரட்டி வண்ணார்பண்ணையிலே ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஏசண்டராயிருந்த துவைனம் துரையின் ஆட்சிக் குறைகளை அஞ்சாது எழுதினார். 1879ஆம் ஆண்டில் சட்டசபையிலே தமிழருக்குரிய இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனையே அனுப்புதல் வேண்டுமென்று முன்னின்று உழைத்தார். இராமநாதன் சபை புகுந்ததைக் கண்டு, அவ்வாண்டு டிசம்பர் 5ஆந் திகதி சிவபதமடைந்தார். வயது ஐம்பத்தேழு நிரம்பவில்லை. அவருடைய பாடசாலைகளுக்கென விட்டுச்சென்ற பெருநிதி யாதுமில்லை. புத்தகங்களும், யந்திரசாலையும், மாணாக்கருமே அவர் விட்ட சொத்து.

அவருக்குப் பின் நடந்ததைச் சுருக்கிச் சொல்வோம். 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை எழுந்தது. மூடப்பட்ட ஆங்கிலப் பாடசாலைக்குத் தலைமை தாங்கிய சிதம்பரப்பிள்ளையே பின்பு தொடங்கிய பாடசாலை, 1890ஆம் ஆண்டிலே அச்சபையார் கைக்கு வந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் வளர்ந்தது. 1923ஆம் ஆண்டிலே சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை நிறுவி உதவிநன்கொடையிலே நடத்தியது. தென்னிலங்கையிலே பௌத்தரும் 1880 முதல் இதே வழியிற் சென்றனர். முன்னிருக்கும் பாடசாலைக்குக் கால் மைல் எல்லைக்குள்ளே புதிய பாடசாலை எழுந்தால் அதற்கு நன்கொடை இல்லையென்று 1890களில் வந்த விதி, முந்தி வந்தவருக்கே துணையாயிற்று.

பெரியோர் பொறுப்பாராயின் மற்றொன்றையும் எழுதுவோம். நாவலரவர்கள் வருணாசாரத்தை விடாதவர். சைவப்பிரகாச வித்தியாசாலையின் கதவு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒப்பத் திறந்திருந்ததென்று நாம் சொல்லமாட்டோம். வரியோ எல்லாச் சாதியாரும் இறுத்தனர். பாதிரிமாரை நோக்கி நாவலர் தொடுத்த அதே வழக்கை, அவர் வழிவந்த சைவரை நோக்கித் தொடுக்க உரிமையுடையோர் நம் ஊரிலேயே இருந்தனர். 1930ஐ அண்டிய ஆண்டுகளில், உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்துதல் வேண்டுமென்று அரசினர் பணித்தனர். அதுவரை நிலத்திலும் வாசலிலும் இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கில் ஏறினர். அதனைப் பொறாத சிலர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். திருநீற்றைக் காக்கமாட்டாத உதவிநன்கொடைச் சட்டம், அந்தப் பிள்ளைக்கு வாங்கிலே ஓரிடம் வாங்கிக் கொடுத்தது. பணத்தோடு நிபந்தனை வருமென்று அஞ்சுவோர் இதனையும் கணக்கில் வைத்தல் வேண்டும்.

1960ஆம் ஆண்டிலே உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளை அரசினர் கையேற்றனர். மிஷன் பாடசாலைகளோடு சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் சென்றன. அதனை வரவேற்ற சைவரும் இருந்தனர், எதிர்த்தவரும் இருந்தனர். ஒரு வீட்டிலேயே இரு கட்சியும் இருந்ததென்று முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். கையளிக்க விரும்பாத பெரிய பாடசாலைகள் தனித்து நிற்கலாம். ஆனால் நன்கொடை இல்லை, பிள்ளைகளிடம் சம்பளமும் வாங்கலாகாது. 1872ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணைச் சைவாங்கில வித்தியாசாலை நின்ற நிலைக்கு ஏறக்குறைய அண்மையிலே, யாழ்ப்பாணத்து மிஷன் கல்லூரிகள் சில 1961 முதலாக நின்றன. பழைய மாணவரிடமும் அன்பரிடமும் பணஞ்சேர்த்தே அவை நாளோட்டின. கொடுத்தவருட் சைவரும் பலர்.